தூக்கத்துக்கு ஒரு மிட்டாய்: சி.பி.என். என்றால் என்ன? எல்லை தாண்டிக் கொண்டு வரலாமா?

பாகான் டாலாம் – பட்டர்வொர்த் நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறினால் பாடாங் பெசார். அங்கிருந்து தாய்லாந்து ரயிலோ வேனோ பிடித்தால் ஹாட்யாய். பாகான் டாலாம் வட்டாரக் குடும்பங்களுக்கு இது பழகிப்போன பயணம். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வாரக் கடைசியிலும் போய், துணிமணி, தைலம், உலர்பழம், பலகாரம் என்று பை நிறைய வாங்கி வருவார்கள்.

2022-க்குப் பிறகு அந்தக் கடைத்தெருக்களில் புதிய சரக்கு ஒன்றும் சேர்ந்துகொண்டது. பச்சை இலை படம் போட்ட பானம், எண்ணெய், ரப்பர் போன்ற கம்மி மிட்டாய். அவற்றில் சில, 'தூக்கம் வராதவர்களுக்கு' என்றே விற்கப்படுகின்றன. அத்தகைய பொட்டலங்களில் அடிக்கடி காணப்படும் மூன்று எழுத்து: சி.பி.என். 'இது கஞ்சா இல்லை, ஹெம்ப்' என்று சொல்லித்தான் பெரும்பாலும் விற்பார்கள்.

இரவு வேலையும் பகல் வேலையும் மாறி மாறிப் பார்க்கும் துறைமுகத் தொழிலாளிக்கும், டிரெய்லர் ஓட்டுநருக்கும், முழங்கால் வலியில் புரண்டு படுக்கும் பாட்டிக்கும் தூக்கம் பெரிய பிரச்சினைதான். அதனால்தான் இந்த மிட்டாயைப் பற்றிச் சரியாகத் தெரிந்துகொள்வது அவசியமாகிறது. அது என்ன பொருள், உண்மையிலேயே தூக்கம் தருமா, மலேசியச் சட்டம் அதை எப்படிப் பார்க்கிறது ஆகிய மூன்று கேள்விகளுக்குமான அடிப்படைத் தகவல்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

செடிக்குள் என்ன இருக்கிறது?

கஞ்சாச் செடியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட தனித்தன்மை வாய்ந்த வேதிப்பொருள்கள் உள்ளன. இவற்றைப் பொதுவாகக் 'கன்னபினாய்டு' என்பார்கள். அவற்றுள் இரண்டு பெயர்கள் பலருக்கும் தெரியும். ஒன்று, போதை தரும் டி.எச்.சி. மற்றொன்று, போதை தராத சி.பி.டி. அதிகம் அறியப்படாத மூன்றாவது பெயர்தான் சி.பி.என். இதன் முழுப்பெயர் கன்னபினால்.

மனித மூளையிலும் நரம்புகளிலும் இந்தப் பொருள்கள் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. பூட்டுக்குள் சாவி பொருந்துவது போல டி.எச்.சி. அவற்றில் பொருந்துகிறது, அதனால் போதை ஏறுகிறது. சி.பி.என். அதே பூட்டில் நுழையும் தேய்ந்த சாவி. பொருந்தும், ஆனால் டி.எச்.சி.யைவிடப் பல மடங்கு பலவீனமாகத்தான் திருப்பும். போதை குறைவு என்று சொல்லலாம். அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

இந்த ஏற்பிகள் செடிக்காக உண்டானவை அல்ல. நம் உடலே அவற்றுக்கான சாவியைச் சுரக்கிறது. 1992-இல் ஜெருசலேமில் அத்தகைய முதல் பொருளைக் கண்டறிந்த ஆய்வாளர்கள் அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள். நமக்குப் பழக்கமான 'ஆனந்தம்' என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது.

பழசானால் பிறக்கும் பொருள்

திறந்து வைத்த தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகக் காறிப்போகிறது. காற்றும் வெளிச்சமும் சூடும் சேர்ந்து அதன் தன்மையை மாற்றிவிடுகின்றன. கஞ்சாவிலும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. புதிதாகப் பறித்த செடியில் சி.பி.என். மிகக் குறைவு. சரக்கு பழசாகும்போது டி.எச்.சி. மூலக்கூறு நான்கு ஹைட்ரஜன் அணுக்களை இழந்து சி.பி.என். ஆக மாறுகிறது. பிடிபட்ட கஞ்சா எவ்வளவு பழையது என்று மதிப்பிட, ஆய்வுக்கூடங்கள் இந்த இரண்டின் விகிதத்தைப் பார்ப்பதும் உண்டு.

அதாவது, சி.பி.என். என்பது டி.எச்.சி.யின் முதுமை. வேறு குடும்பத்துப் பிள்ளை இல்லை. கடையில் 'இது கஞ்சாவே இல்லை' என்று சொல்லும்போது இந்த உறவை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வரலாற்றில் இதற்கு ஒரு தனி இடம் உண்டு. 1896-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வூட், ஸ்பைவி, ஈஸ்டர்ஃபீல்டு என்ற மூன்று வேதியியலாளர்கள் இந்தியச் சணலின் பிசினான 'சரஸ்' என்பதை ஆராய்ந்தார்கள். அதிலிருந்து எடுத்த எண்ணெய் போன்ற பொருளுக்குக் கன்னபினால் என்று பெயரிட்டு, போதைக்குக் காரணம் அதுவே என்று நினைத்தார்கள். பழைய சரக்கில் சி.பி.என். நிறைந்திருந்ததும் அந்த எண்ணத்துக்குத் துணைபோனது. 1930-களின் தொடக்கத்தில் இராபர்ட் கான் இதன் கட்டமைப்பின் பெரும்பகுதியைக் கண்டறிந்தார். 1940-இல் அமெரிக்காவில் ரோஜர் ஆடம்சும் பிரிட்டனில் அலெக்சாண்டர் டாட்டும் தனித்தனியே இதை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார்கள். போதையின் உண்மையான காரணம் டி.எச்.சி. என்பது 1964-இல்தான் உறுதியானது. இஸ்ரேலிய விஞ்ஞானிகள் காவோனியும் மெச்சூலமும் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

ஹெம்ப் என்பது வேறு செடியா?

இல்லை. ஹெம்ப், கஞ்சா இரண்டும் ஒரே தாவர இனம். டி.எச்.சி. அளவு ஒரு குறிப்பிட்ட கோட்டுக்குக் கீழே இருந்தால் அதை ஹெம்ப் என்று சில நாடுகள் தங்கள் சட்டத்தில் வகைப்படுத்தியிருக்கின்றன. அமெரிக்காவின் 2018 விவசாயச் சட்டம் வகுத்த கோடு 0.3 விழுக்காடு. தாய்லாந்து சாறுகளுக்கு வைத்த கோடு 0.2 விழுக்காடு. 0.3 என்ற எண்ணுக்கு மூலம், 1976-இல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் குரோன்குவிஸ்ட் என்ற தாவரவியலாளர்கள் செடிகளை வகைப்படுத்த எழுதிய ஒரு கட்டுரை. அது வசதிக்காகத் தாங்களாகவே வகுத்துக்கொண்ட எல்லை என்பதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

ஆக, ஹெம்ப் என்ற பெயர் சட்டப் புத்தகத்தில் பிறந்தது. எந்த நாட்டின் சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவு இருக்கிறதோ, அந்த நாட்டோடு அந்தப் பாதுகாப்பும் முடிந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. ஹெம்ப் செடியில் சி.பி.என். மிகச் சொற்பம். எனவே சந்தையில் விற்கும் சி.பி.என். பெரும்பாலும் செடியிலிருந்து நேராகப் பிழிந்து எடுத்ததாக இருப்பதில்லை. சி.பி.டி.யையோ டி.எச்.சி.யையோ ஆலையில் வேதி முறையில் மாற்றித் தயாரிக்கிறார்கள். அந்த மாற்றம் முழுமையாக நடக்காவிட்டால் டி.எச்.சி. மிச்சம் தங்கிவிடும்.

பொட்டலத்தில் எழுதியிருப்பதை நம்பலாமா என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு நல்ல சான்று. 2017-இல் வெளியான அந்த ஆய்வில், இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. தயாரிப்புகளைச் சோதித்தார்கள். லேபிளில் சொன்ன அளவு சரியாக இருந்தவை 26 மட்டுமே. 18 தயாரிப்புகளில் டி.எச்.சி. இருந்தது.

உண்மையிலேயே தூக்கம் வருமா?

சி.பி.என். தூக்கம் தரும் என்ற பேச்சு எப்படி வந்தது? பழைய கஞ்சா புகைத்தால் அசதி வருகிறது, பழைய கஞ்சாவில் சி.பி.என். அதிகம், எனவே சி.பி.என்.தான் அசதிக்குக் காரணம் என்று ஒரு கணக்குப் போட்டார்கள். ஆனால் அந்தப் பழைய சரக்கில் டி.எச்.சி.யும் இருந்தது, செடியின் மணத்துக்குக் காரணமான வேறு பொருள்களும் இருந்தன.

1975-இல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்து ஆண்களுக்கு இவற்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். சி.பி.என்.னை மட்டும் உட்கொண்டபோது தூக்கக் கலக்கம் கூடவில்லை. டி.எச்.சி.யோடு சேர்த்து உட்கொண்டபோதுதான் மயக்கம் அதிகமானது. ஐந்து பேரை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்றாலும், விளம்பரங்கள் சொல்லும் கதைக்கு அது துணை நிற்கவில்லை.

2021-இல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசிய ஒரு மதிப்பாய்வு, சி.பி.என். தூக்கம் தரும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. அதன்பின் அமெரிக்காவில் முந்நூறுக்கும் மேற்பட்டோரிடம் ஒரு சோதனை நடந்தது. தினமும் 20 மில்லிகிராம் வீதம் ஏழு இரவுகள் உட்கொண்டவர்கள், வெறும் மாத்திரை உட்கொண்டவர்களைவிட இரவில் சற்றுக் குறைவான தடவையே விழித்தார்கள். ஆனால் படுத்தவுடன் சீக்கிரம் உறங்கினார்கள் என்று அது காட்டவில்லை.

சுருக்கமாகச் சொன்னால், சிறிய நன்மை இருக்கக்கூடும் என்ற அளவில்தான் அறிவியல் இன்று நிற்கிறது. பல ஆண்டுகள் தொடர்ந்து உட்கொண்டால் கல்லீரலுக்கோ இதயத்துக்கோ கருவில் இருக்கும் குழந்தைக்கோ என்ன ஆகும் என்பதற்கு நீண்டகால ஆய்வு இல்லை. இத்தகைய மிட்டாய்கள் பலவற்றில் சி.பி.டி.யும் கலந்திருக்கும். சி.பி.டி., இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்துகளின் அளவை உடலில் உயர்த்திவிடக்கூடியது. இதய நோய்க்கு மருந்து சாப்பிடும் பெரியவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

செடியிலிருந்து வந்த எதுவுமே மருந்தாகாது என்பதும் சரியில்லை. கடுமையான வலிப்பு நோய் கொண்ட குழந்தைகளுக்கான சுத்திகரித்த சி.பி.டி. மருந்தை 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அங்கீகரித்தது. நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்து, அளவு நிர்ணயித்து, மருத்துவர் சீட்டோடு கொடுக்கும் மருந்து அது. கடைத்தெரு மிட்டாய் அந்த வழியில் வந்ததல்ல.

மலேசியச் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கே நடைமுறையில் இருப்பது 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டம். கஞ்சா வகைச் செடியின் எந்தப் பாகமாக இருந்தாலும், அதில் பிசின் காணப்பட்டால், அளவு எவ்வளவு என்று பாராமல் அது கஞ்சாதான் என்கிறது அந்தச் சட்டம். செடியிலிருந்து பிரித்தெடுத்த பிசின், கச்சாவாக இருந்தாலும் சுத்திகரித்ததாக இருந்தாலும் அதுவும் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. அமெரிக்காவின் 0.3, தாய்லாந்தின் 0.2 போன்ற விழுக்காட்டுக் கோடு எதுவும் இந்த விளக்கத்தில் இல்லை. 'இது ஹெம்ப்தான் சார்' என்று சுங்கச் சாவடியில் சொல்வதால் பயன் இல்லை.

தண்டனைகளைத் தெரிந்துகொள்வது நல்லது. கஞ்சா வைத்திருந்தால், 6ஆவது பிரிவின் கீழ் 20,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது ஐந்தாண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். போதைப்பொருளைத் தாமே உட்கொண்டால், 15ஆவது பிரிவின் கீழ் 5,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டாண்டு வரை சிறை; அதன்பின் கண்காணிப்பும் உண்டு. எடை 50 கிராமைத் தொட்டால் 39ஏ பிரிவின் கீழ் குறைந்தது ஐந்தாண்டு சிறையும் பத்துப் பிரம்படியும். 200 கிராமோ அதற்கு மேலோ இருந்தால், கடத்தல் இல்லை என்று குற்றஞ்சாட்டப்பட்டவரே நிரூபிக்கும் வரை, அது கடத்தல் என்றே அனுமானிக்கப்படும். 39பி பிரிவில் முன்பு மரண தண்டனை கட்டாயமாக இருந்தது. 2023 ஜூலை 4 முதல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டு, மரண தண்டனையா, ஆயுள் சிறையும் பிரம்படியுமா என்பதை நீதிபதி முடிவு செய்யலாம். மரண தண்டனை சட்டத்திலிருந்து போய்விடவில்லை.

இன்னும் இரண்டு விவரங்கள் சாதாரணக் குடும்பங்களைத் தொடுபவை. முதலாவது, ஒரு பொருள் ஒருவரின் கட்டுப்பாட்டில் இருந்தால், அது என்ன பொருள் என்று அவருக்குத் தெரியும் என்றே சட்டம் அனுமானிக்கும். தெரியாது என்பதை நிரூபிக்க வேண்டியவர் அவரே. 'வரும்போது இந்தப் பொட்டலத்தை மட்டும் கொண்டுவந்து கொடுங்கள் அண்ணே' என்று யாராவது கேட்டால், அதன் பொறுப்பு முழுவதும் பை வைத்திருப்பவர் தலையில்தான் விழும். இரண்டாவது, கடத்தல் என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் மிக விரிவானது. விற்பது மட்டுமல்ல, இறக்குமதி செய்வது, கொடுப்பது, வாங்கிக்கொள்வது, சுமந்து செல்வது, அனுப்புவது எல்லாமே அதில் அடங்கும். இணையத்தில் ஆர்டர் செய்து தபாலில் வரவழைப்பதற்கும் இது பொருந்தும்.

அப்படியானால் மருத்துவப் பயன்பாட்டுக்கு வழியே இல்லையா? 2021 நவம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் நாடாளுமன்றத்தில் இதற்குப் பதில் அளித்தார். சட்ட விதிகளுக்கு உட்பட்டு, முறையாகப் பதிவும் உரிமமும் பெற்ற கஞ்சா சார்ந்த மருந்தை மருத்துவ நோக்கத்துக்கு இறக்குமதி செய்யலாம் என்பது அதன் சாரம். பதிவு, உரிமம், மருத்துவர் ஆகிய மூன்றும் சேர்ந்த வழி அது. ஹாட்யாய் கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வருவது அந்த வழியில் சேராது.

தாய்லாந்தில் சட்டபூர்வம்தானே?

2022 ஜூன் 9-இல் தாய்லாந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது உண்மை. ஆனால் அந்தத் தளர்வு தாய்லாந்து மண்ணுக்குள்தான். சுற்றுலாப் பயணிகள் அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அந்நாடே அனுமதி தரவில்லை. 2025 ஜூனில் தாய்லாந்து அரசு பிடியை மீண்டும் இறுக்கியது. கஞ்சாப் பூவை மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. மூன்றாண்டுக்குள் சட்டம் இருமுறை திசை மாறிய நாட்டில், சென்ற முறை நண்பர் சொன்ன தகவல் இந்த முறை சரியாக இருக்கும் என்று எண்ண முடியாது.

இந்தியாவுக்குப் போய் வருபவர்களும் கவனிக்க வேண்டும். இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டத்தில், பூவும் காய்நுனியும் சேராத தனி இலை, விதை ஆகியவை கஞ்சா என்ற விளக்கத்தில் வரவில்லை. அதனால் சில மாநிலங்களில் பாங்கு வெளிப்படையாக விற்கப்படுகிறது. லேகியம், சூரணம் என்று எதை வாங்கினாலும் அதில் சேர்ந்திருப்பவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பெட்டியில் வைக்க வேண்டும்.

தெற்கே இன்னும் கடுமை

பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் தமிழ் இளைஞர்கள் பலர். சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டத்தில் கன்னபினால் என்ற பெயரே முதல் வகுப்புப் போதைப்பொருள் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. 'கஞ்சா கலவை' என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கமே, டி.எச்.சி.யும் சி.பி.என்.னும் எந்த அளவிலாவது உள்ள தாவரக் கலவை என்பதுதான். அங்கே சி.பி.என். ஓரமாக ஒதுங்கி நிற்கும் பொருள் அல்ல. கஞ்சாவை அடையாளம் காட்டும் சாட்சி. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டிருந்தாலும் அங்கே வழக்கு தொடர முடியும்.

அங்குள்ள சட்டத்தின் கடுமை தமிழ்க் குடும்பங்களுக்குப் புதிதல்ல. ஒரு கிலோ கிராமுக்குச் சற்று அதிகமான கஞ்சாவைக் கடத்த உடந்தையாக இருந்ததாகத் தீர்ப்பளிக்கப்பட்ட தங்கராஜு சுப்பையா, 2023 ஏப்ரல் 26-இல் அங்கே தூக்கிலிடப்பட்டார். அவருக்கு வயது 46.

சிறுநீர்ச் சோதனையில் சிக்குமா?

சிக்கும் வாய்ப்பு உண்டு. வேலையிடத்திலும் சாலைத் தடுப்பிலும் பயன்படுத்தும் விரைவுச் சோதனை, டி.எச்.சி. உடலில் சிதைந்து உண்டாகும் பொருளைத் தேடுகிறது. சி.பி.என். அதற்கு நெருங்கிய உறவு என்பதால், சில சோதனைக் கருவிகள் இரண்டையும் வேறுபடுத்தாமல் 'பாசிட்டிவ்' காட்டுகின்றன என்று 2022-இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. பிறகு ஆய்வுக்கூடத்தில் செய்யும் விரிவான சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டக்கூடும். ஆனால் அந்த முடிவு வரும்வரை டிரெய்லர் ஓட்டுநரின் வேலை என்ன ஆகும் என்பதை யோசிக்க வேண்டும். மிட்டாயில் டி.எச்.சி. மிச்சம் இருந்திருந்தால், இரண்டாவது சோதனையும் அவரைக் காப்பாற்றாது.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால்

கம்மி மிட்டாயின் பெரிய ஆபத்து, அது மிட்டாய் போலவே இருப்பதுதான். அமெரிக்காவில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் கஞ்சா கலந்த தின்பண்டத்தைத் தெரியாமல் சாப்பிட்டதாக நச்சுத் தகவல் மையங்களுக்கு வந்த அழைப்புகள் 2017-இல் 207. 2021-இல் அது 3,054. குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு கிடந்தாலோ, தள்ளாடினாலோ, மூச்சு மெதுவானாலோ உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். என்ன சாப்பிட்டது என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; பொட்டலம் இருந்தால் அதையும் எடுத்துச் செல்ல வேண்டும். வெட்கத்தாலோ பயத்தாலோ மறைத்தால் சிகிச்சைதான் தாமதமாகும்.

அப்படியானால் தூக்கத்துக்கு என்ன செய்வது?

தூக்கம் வராமல் போவதற்கு ஒரு காரணம் இருக்கும். இனிப்பு நீர் உள்ளவர் இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவார். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர், எட்டு மணி நேரம் படுத்தும் களைப்போடுதான் எழுவார். தைராய்டு கோளாறு, மூட்டு வலி, மன அழுத்தம், மாலைக்குப் பிறகு குடிக்கும் காப்பி என்று பட்டியல் நீளும். இவற்றில் எதற்கும் மிட்டாய் மருந்தாகாது. அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாக, தூக்கப் பழக்கத்தையும் அதைச் சுற்றிய கவலையையும் சரிசெய்யும் ஆலோசனைச் சிகிச்சையையே முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. மாறுவேலை பார்ப்பவர்களுக்கு, பகலில் அறையை இருட்டாக்குவதும் தினமும் ஒரே நேரத்தில் படுப்பதும் கைகொடுக்கும்.

எந்த மருந்தையும் ஊட்டச்சத்துப் பொருளையும் வாங்கும்போது 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண்ணும், சுகாதார அமைச்சின் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அந்த எண்ணைத் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். போதைப் பழக்கத்தில் சிக்கியவர் வீட்டில் இருந்தால், அவர் தாமாக முன்வந்து தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனமான ஏ.ஏ.டி.கே. அலுவலகத்தை அணுகிச் சிகிச்சை பெற வழி உண்டு. பிடிபடும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

அடுத்த விடுமுறைக்கும் ஹாட்யாய் ரயில் நிரம்பத்தான் போகிறது. பாடாங் பெசாரில் திரும்பி இறங்கும் முன், பிள்ளைகளின் பை உட்பட எல்லாப் பைகளையும் ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வது நல்லது. இலைப் படம் போட்ட எதுவும் அதில் இருக்கக் கூடாது.